முதுகு ஷாட்

ஜூன் 3, திங்கள்

மேக்கப் அறையில் கதாநாயகியின் நாற்காலி காலி. போனை அணைத்து வைத்திருக்கிறாள். மற்ற நடிகர்கள் பவுடர் பூசிய முகத்தோடு கூடத்தில் உட்கார்ந்து என் முகத்தையே பார்க்கிறார்கள். என் முகத்தில் என்ன எழுதியா ஒட்டியிருக்கிறது?

மதியம் தயாரிப்பாளர் வந்து என்னை ஓரமாகக் கூப்பிட்டார். பாப்பாவுக்கு (கதாநாயகியை அவர் அப்படித்தான் சொல்வார்) சினிமா வாய்ப்பு வந்துவிட்டதாம். வெளியூரில் படப்பிடிப்பு. இரண்டு வாரத்தில் வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். சேனலுக்கு இது தெரியவே கூடாது என்கிறார். எங்கள் தொடரை எப்போது மூடலாம் என்று அவர்கள் ஏற்கனவே சாக்குத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். கதாநாயகியே இல்லை என்று தெரிந்தால் அவ்வளவுதான், கடையைக் கட்ட வேண்டியதுதான்.

"ஏம்மா, அவ இல்லாததே தெரியாம எடுத்துடு" என்றார். காபியில் சர்க்கரை குறைச்சுப் போடு என்பது போலச் சொன்னார்.

எத்தனை வருஷம் அடுத்தவர் பெயரில் காட்சி எடுத்துக் கொடுத்திருக்கிறேன். 'இயக்கம்' என்று என் பெயர் வருகிற முதல் தொடர் இது. இதுவும் போய்விட்டால்?

ஜூன் 4, செவ்வாய்

கேமராமேன்தான் வழி சொன்னார். முதுகு ஷாட். கதாநாயகி போல ஒருத்தியை உட்கார வைத்து அவள் தோளுக்குப் பின்னால் கேமராவை வைத்தால், எதிரே திட்டுகிற மாமியாரின் முகம்தான் தெரியும். நடுநடுவே பாப்பா எப்போதோ அழுத குளோசப்புகளைச் செருகிக்கொள்ளலாம். அவள் அழுதது மூட்டை மூட்டையாக எங்களிடம் இருக்கிறது. குரல் பற்றிக் கவலையில்லை, அது முதல் நாளிலிருந்தே டப்பிங் பேசும் வேறொரு பெண்ணுடையது. எங்கள் கதாநாயகியின் வேலையே தலையைக் குனிந்து வசவு வாங்குவதுதான். அதற்கு முதுகு போதும்.

யாருடைய முதுகு? வெளியிலிருந்து ஆள் பிடித்தால் சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். கேமராமேன் என்னை மேலும் கீழும் பார்த்தார். உயரம் சரியாக இருக்கிறது மேடம் என்றார்.

அவளுடைய புடவையைக் கட்டி, தலையில் சவுரிமுடி வைத்து, நானே உட்கார்ந்தேன்.

மானிட்டர் எனக்குப் பின்னால் இருக்கிறது. நான் எடுக்கிற ஷாட்டை நானே பார்க்க முடியாது. "ஆக்‌ஷன்" சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், வகுப்பில் தண்டனை வாங்கியவள் மாதிரி. "கட்" சொல்லித் திரும்பி, எப்படி வந்தது என்று கேட்டால் கேமராமேன் "நல்லா வந்துச்சு" என்கிறார். மழையில் கேமரா நனைந்து நின்றுபோன அன்றைக்கும் இதையேதான் சொன்னார். இவரை நம்பி நான் எப்படி—

இன்னொன்றும் உறுத்துகிறது. இந்தத் தொழிலுக்கு வந்த நாளிலிருந்து கேட்டுக் காது புளித்த வசனம்: "நீங்களே நடிக்கலாமே." டைரக்‌ஷன் என்னவோ நடிக்க வருகிறவர்கள் காத்திருக்கிற இடம் என்பது போல. இன்று புடவையில் என்னைப் பார்த்து யூனிட்டில் பாதிப் பேர் அதையே சொன்னார்கள். சிரித்து வைத்தேன்.

ஜூன் 6, வியாழன்

பாப்பாவின் போன் இன்னும் அணைந்தே கிடக்கிறது.

ஜூன் 10, திங்கள்

என் முதுகு இன்று ஒளிபரப்பானது.

அம்மா தொடரை டிவிக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்து பார்ப்பாள். கண் தெரியாததால் அல்ல. கடைசியில் ஓடுகிற பெயர்களில் என் பெயரைப் படித்துவிட வேண்டும் என்று முதல் நாளிலிருந்து முயற்சி செய்கிறாள். இன்றுவரை முடியவில்லை. "நான் எழுத்துக் கூட்டறதுக்குள்ள பறந்துடுது. பக்கத்து வீட்டு அக்கா நம்ப மாட்டேங்கறா, உம் பொண்ணு அங்க டீ வாங்கிக் குடுக்கறாளோ என்னவோங்கறா" என்று புலம்புவாள்.

இன்று பெயர் ஓடுவதற்கு வெகுநேரம் முன்பே என் பக்கம் திரும்பினாள்.

"இது நீதானே?"

"எதும்மா?"

"அந்தத் தோளு. வலப் பக்கம் ஏறியிருக்கு. பள்ளிக்கூடப் பையை ஒரே பக்கமா மாட்டாதேன்னு எத்தனை தடவ சொல்லியிருப்பேன்."

பொய் சொல்ல வாய் வரவில்லை. எல்லாவற்றையும் சொல்லி, யாரிடமும் மூச்சு விடாதே என்று கெஞ்சினேன். தலையில் அடித்துச் சத்தியம் செய்தாள். அம்மாவிடம் சொன்ன ரகசியம் பக்கத்து வீட்டுக்குப் போக, சுவருக்கு மேல் எட்டிப் பார்க்கிற நேரம் போதும். ஊரில் அத்தனை பேரும் ஏமாந்தார்கள், பெற்றவளை ஏமாற்ற முடியவில்லையே. சேனலில் ஒருவருக்காவது இப்படிக் கண் இருந்தால்?

ஜூன் 13, வியாழன்

சேனலிலிருந்து போன். தெரிந்துவிட்டது என்றே நினைத்து எடுத்தேன். விளம்பர நேரம் மாறுகிறதாம், அவ்வளவுதான்.

ஜூன் 19, புதன்

தொலைந்தேன்.

போன வாரம் எடுத்த காட்சி. புருஷன் அறைக்குள் வர வேண்டும், கதாநாயகி கட்டிலில் முதுகு காட்டி உட்கார்ந்திருக்க வேண்டும். புருஷனாக நடிக்கிறவர் எப்போதும் குறித்த இடத்துக்கு ஓரடி முன்னாலேயே நின்றுவிடுவார், முகத்தில் லைட் விழாது. அன்றும் நின்றிருக்கிறார். நான் நடிக்கிறேன் என்பதே மறந்து, வழக்கம் போலக் கையைத் தூக்கி, ஒற்றை விரலால், இன்னும் உள்ளே வா என்று காட்டியிருக்கிறேன். அவரும் வந்திருக்கிறார். செய்ததே எனக்கு நினைவில்லை. இப்போதெல்லாம் எடிட்டிங்குக்கு நான் போகவும் நேரமில்லை. எடிட்டர் அது காட்சியில் உள்ளதுதான் என்று நினைத்து வைத்துவிட்டார்.

இன்று டிவியில் பார்க்கிறேன். இத்தனை வருஷமாகப் புருஷனை நிமிர்ந்துகூடப் பார்க்காத எங்கள் கதாநாயகி, விரலை நீட்டி அவனை வா என்கிறாள். அவன் முழித்துக்கொண்டே வருகிறான்.

அம்மா சிரித்தாள். "நல்லாத்தான்டி இருக்கு. இப்பவாவது கூப்பிட்டாளே" என்றாள்.

சேனலில் இதைப் பார்த்திருப்பார்கள். யாருடைய கை என்று கேட்பார்கள். பாப்பாவின் விரலில் எப்போதும் மோதிரம் இருக்குமே, அதையும் மறந்து தொலைத்தேன்.

ஜூன் 20, வியாழன்

சேனல் மேடமே கூப்பிட்டார்கள். தொடர்களையெல்லாம் பார்த்துக்கொள்கிற பெரிய அதிகாரி, எங்களிடம் பேசுவதே அபூர்வம். போனைக் காதில் வைத்துக்கொண்டு எழுந்து நின்றேன், யாரோ பார்ப்பது போல.

திட்டவில்லை. அந்த விரல் எல்லார் போனிலும் சுற்றுகிறதாம். பெண்கள் வீட்டில் புருஷன்மாரை அப்படிக் கூப்பிட்டு வீடியோ போடுகிறார்களாம். தொடர் இவ்வளவு மேலே ஏறியதே இல்லை என்றார்கள். அடுத்ததாகச் சொன்னதுதான் இடி. விரல் சரி, அப்போது அவள் முகத்தில் என்ன இருந்தது என்று ஜனங்கள் பார்க்க வேண்டுமாம். குளோசப் வேண்டும். திங்கட்கிழமை ஸ்பாட்டுக்கே வருகிறார்களாம்.

தயாரிப்பாளரிடம் சொன்னேன். தலையில் கை வைத்துக்கொண்டு, நீதானே விரலை நீட்டினாய் என்றார்.

ஜூன் 21, வெள்ளி

பாப்பாவே கூப்பிட்டாள். திரும்ப வரப்போவதில்லை.

"திட்டுங்க அக்கா, கேட்டுக்கறேன். நம்ம சீரியலுக்கு வந்த நாள்லேருந்து அழுதுகிட்டே இருந்தேன். இங்க படத்துல முதல் நாளே என்னைச் சிரிக்கச் சொன்னாங்க. எனக்குச் சிரிக்கவே வரல அக்கா, அத்தனை டேக் வாங்கினேன்."

போனை வைக்கும் வரை கோபமே வரவில்லை. வைத்த பிறகு வந்தது. அவள் மேலா, அவளை அப்படி அழ வைத்த என் மேலா என்று தெரியவில்லை.

ஜூன் 24, திங்கள்

மேடம் வந்தார்கள். நேரே மானிட்டர் முன்னால், என் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். நான் சவுரியும் புடவையுமாகச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். ஓடிப்போய் ஒளிய இடமில்லை. மாமியாராக நடிக்கிறவர் வசனத்தை இரண்டு முறை உளறினார். தயாரிப்பாளர் நெற்றியைத் துடைத்துத் துடைத்துக் கைக்குட்டை ஈரமாகிவிட்டது.

ஷாட் முடிந்தது. வழக்கப்படி நான்தான் "கட்" சொன்னேன். குரல் எங்கிருந்து வந்தது என்று மேடத்துக்குப் புரிந்துவிட்டது.

"இப்படித் திரும்புங்க" என்றார்கள். திரும்பினேன். சந்தையில் மாடு பார்க்கிற மாதிரி நிதானமாகப் பார்த்தார்கள். பிறகு சொன்னார்கள்: "நீங்களே பண்ணுங்க. 'இவருக்குப் பதில் இவர்'னு கார்டு போட்டுடலாம். டைரக்‌ஷனை உங்க இணை இயக்குநர் பார்த்துக்கட்டும். அந்த விரல் டைரக்டர் விரல்தானே, ரெண்டையும் ஒரே ஆள் பார்த்தா என்ன ஆகும்னு அதுல பார்த்தோமே."

இல்லையென்றால் தொடரை மூடிவிடுவார்களாம். காட்சியையும் அவர்களே சொல்லிவிட்டார்கள்: கதாநாயகி வீட்டை விட்டு வெளியேறுகிறாள், முதுகைக் காட்டியபடி கேட் வரை நடக்கிறாள், கேட்டில் கை வைத்துத் திரும்புகிறாள். புது முகம். அங்கே கார்டு.

யூனிட்டே வந்து கை கொடுத்தது. இணை இயக்குநர் என் கண்ணைப் பார்க்கவில்லை. அவரும் என்ன செய்வார், நல்ல மனுஷன்.

ஜூன் 25, செவ்வாய்

அம்மாவிடம் சொன்னேன். துள்ளிக் குதிப்பாள் என்று நினைத்தேன். "அப்போ நான் எழுத்துக் கூட்ட வேண்டியதில்ல. மூஞ்சியே வந்துடும்" என்றாள். சுருக்கென்றது.

கொஞ்ச நேரம் கழித்து அவளே அறைக்கு வந்தாள். "நம்ம வீட்டுல எடுத்த ஒரு போட்டோலயும் நீ கிடையாது, தெரியுமா? எங்களையெல்லாம் தள்ளி நில்லு, நிமிர்ந்து நில்லுன்னு விரட்டிட்டு கேமராவைப் பிடிச்சுக்கிட்டு நீ வெளியே நிப்ப. உங்கப்பா கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்துட்டு விட்டுட்டார்."

ஏன் சொன்னாள்? கேமரா முன்னால் போ என்கிறாளா, போகாதே என்கிறாளா? கேட்டால் உனக்குத்தான் தெரியும் என்பாள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. மாட்டேன் என்று சொன்னால் லைட் தூக்குகிறவர் முதல் டிரைவர் வரை எல்லாருக்கும் வேலை போகும். அவர்கள் வீட்டிலும் அம்மாக்கள் இருக்கிறார்கள்.

ஜூன் 26, புதன்

சரி என்று சொல்லிவிட்டேன்.

ஜூன் 28, வெள்ளி

நான் இயக்கும் கடைசி ஷாட் என்று இன்று எல்லாரும் மெதுவாகவே பேசினார்கள். முதல் முறையாக முகத்துக்கும் மேக்கப். கண்ணாடியில் பார்த்தேன், யாரோ நல்ல பெண்மணி.

கேமராமேன் தோளில் கேமராவோடு என் பின்னால் நின்றார். "ஆக்‌ஷன்" சொன்னேன். நடந்தேன். கூடம், படி, செடித்தொட்டிகள். கேட்டில் கை வைத்தேன். இங்கே திரும்ப வேண்டும். எப்படித் திரும்ப வேண்டும் என்று இன்னொருத்திக்கு என்னால் ஆயிரம் விதமாகச் சொல்லித் தர முடியும். எனக்கு ஒரு விதமும் வரவில்லை. பின்னால் எடுக்கிறார்களே, எப்படி இருக்கும், லைட் எங்கே விழும், கேட் கம்பி முகத்தை மறைக்குமோ— மனசு மானிட்டருக்கு முன்னால்தான் உட்கார்ந்திருந்தது.

கேட்டைத் திறந்துகொண்டு தெருவில் இறங்கினேன்.

யாரும் நிறுத்தவில்லை. எங்கள் யூனிட்டில் "கட்" சொல்வது நான் மட்டும்தான். நடந்துகொண்டே இருந்தேன். எல்லார் பிழைப்பையும் மிதித்துக்கொண்டு நடப்பதாகத் தோன்றியது. தெருமுனை திரும்பி, பூட்டிய ஒரு கடை வாசலில் நின்று, "கட்" என்றேன். சைக்கிளில் போன ஒருவர் என் மேக்கப்பைப் பார்த்துவிட்டு வேகமாக மிதித்தார்.

திரும்பி வந்தால் தயாரிப்பாளர் படியிலேயே உட்கார்ந்திருந்தார். கேமராமேன் கேட்டுக்கு வெளியே, தெரு நடுவில், இன்னும் கேமராவை இறக்காமல் நின்றார். எப்படி வந்தது என்று நான் கேட்கவில்லை. அவரும் வழக்கமான பதிலைச் சொல்லவில்லை. "நீங்களே பாருங்க மேடம்" என்றார்.

பார்த்தேன். எத்தனை நாளுக்குப் பிறகு மானிட்டர் முன்னால்! திரும்பாமலே அவள் போய்விடுகிறாள், அதுவே போதும் என்று பட்டது.

சவுரியைக் கழற்றி எறிந்துவிட்டு அடுத்த காட்சியை அங்கேயே எழுதினேன். வீட்டின் சின்ன மருமகள், இதுவரை வாரத்துக்கு இரண்டு வசனம் பேசிவந்த பெண், ஓரகத்தி போவதை ஜன்னலில் பார்க்கிறாள். பின்னால் மாமியார் கத்துகிறாள். சின்னவள் திரும்பி, ஒற்றை விரலால் மாமியாரை வா என்கிறாள். முழு முகம், குளோசப். அந்தப் பெண்ணுக்கு உதடு நடுங்கியது, அப்படியே வைத்துக்கொண்டேன்.

இரண்டு காட்சியையும் மேடத்துக்கு அனுப்பினேன். கதை இனி இவளுடையது, நான் நடிக்க மாட்டேன், பிடிக்கவில்லை என்றால் மூடிக்கொள்ளுங்கள் என்றும் குரல் செய்தியில் சொல்லிவிட்டேன். சொல்லும்போது இருந்த தைரியம் போனை வைத்ததும் ஓடிவிட்டது.

ஜூன் 30, ஞாயிறு

பதில் இல்லை. போன் வேலை செய்கிறதா என்று பார்க்க அம்மாவிடம் என் நம்பருக்குக் கூப்பிடச் சொன்னேன். கூப்பிட்டவளே பக்கத்து அறையிலிருந்து "ஹலோ, யாரு?" என்கிறாள்.

ஜூலை 1, திங்கள்

மேடம். "ஒரு மாசம் பார்ப்பேன். அதுக்கப்புறம் சொல்றேன்." அவ்வளவுதான் பேசினார்கள். தயாரிப்பாளர் போனிலேயே அழுதார்.

ஜூலை 4, வியாழன்

இன்று ஒளிபரப்பு. நடக்கிற ஷாட்டை எடிட்டர் வெட்டவே இல்லை. வசனமில்லாத நீள ஷாட், கடைசியில் வேறு வருகிறது. அதனால் பெயர்களையெல்லாம் அதன் மேலேயே, ஒவ்வொன்றாக, நிதானமாக விட்டிருக்கிறார். என் பெயர் வரும்போது நான் தெருவில் போய்க்கொண்டிருக்கிறேன். முதுகின் மேல் பெயர் அசையாமல் நின்றது.

அம்மா விரலைத் திரையில் வைத்து எழுத்துக் கூட்டினாள். முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை, அவள் வைத்த பெயர்தான், ஆனாலும் கூட்டித்தான் படித்தாள். முழுசாகப் படித்து முடித்த பிறகும் பெயர் அங்கேயே இருந்தது.

"தோளு இன்னும் ஏறித்தான் இருக்கு" என்றாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட வாசலுக்கு ஓடினாள்.