ஃப்ரிட்ஜ் பார்க்க வந்தவர்

மார்ச் 3, செவ்வாய்

இன்றைக்கு என் வீட்டுக்குள் என்னையே விடவில்லை. முப்பத்தைந்து வருடம் என்னோடு குடித்தனம் நடத்தியவள், கதவுச் சங்கிலியைப் போட்டுக்கொண்டு இடுக்கு வழியாகக் கேட்கிறாள்: "யாருங்க வேணும்?"

"நான்தான்டி."

"டி போட்டுப் பேசாதீங்க. என் வீட்டுக்காரர் வந்தா தொலைஞ்சீங்க."

பகலில் அவளுக்குத் துணையிருக்கும் மைத்துனி ஓடி வந்து சங்கிலியை எடுத்துவிட்டாள். மறதி நோய் என்று டாக்டர் சொல்லி ஒன்றரை வருடம் ஆகிறது. கரண்டிக்குப் பெயர் மறந்தாள், தெரு மறந்தாள். சரி, போகட்டும். என்னையுமா?

மார்ச் 4, புதன்

இன்றைக்கும் அதே கதைதான்.

மார்ச் 7, சனி

தப்புப் பண்ணிவிட்டேன். கல்யாணப் படத்தைச் சுவரிலிருந்து கழற்றி அவள் முகத்துக்கு நேரே பிடித்தேன். "பாரு, இது நீ, இது நான், நான்தான் உன் புருஷன்" — கத்தினேன். மூன்று தடவை கத்தினேன். அவள் படத்தைப் பார்த்தாள், என் வழுக்கையைப் பார்த்தாள், பாத்ரூமுக்குள் ஓடித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். இரண்டு மணி நேரம். உள்ளே அழுகைச் சத்தம். "சீக்கிரம் வாங்களேன், யாரோ வீட்டுக்குள்ள வந்துட்டாங்க" என்று கூப்பிடுகிறாள். என்னைத்தான் கூப்பிடுகிறாள்! நான் கதவுக்கு இந்தப் பக்கம் நிற்கிறேன்.

கடவுளே, உனக்கு நெஞ்சே கிடையாதா?

மார்ச் 12, வியாழன்

நான் கொடுத்தால் சாப்பாட்டைத் தொடுவதில்லை. வாயில் வைத்தால் துப்புகிறாள். ராத்திரிச் சாப்பாடு போயே போய்விட்டது. மைத்துனி ஐந்தரைக்குக் கிளம்பியாக வேண்டும், அவளுக்கும் குடும்பம் இருக்கிறது.

"மாமா, கோவிச்சுக்காதீங்க. அக்கா துரும்பா இளைச்சிட்டா. காப்பகத்துல சேர்த்துடலாம். அங்க நர்ஸுங்க ஊட்டுவாங்க."

விண்ணப்பத்தை மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள். எல்லாம் அவளே எழுதியிருக்கிறாள், என் கையெழுத்துதான் பாக்கி. பேனாவை எடுத்தேன். வைத்துவிட்டேன்.

மார்ச் 15, ஞாயிறு

கடவுளே, அவளுக்கு ஒரு நாள் ஞாபகம் கொடு போதும் என்று கேட்டேன். ஒரே ஒரு நாள். பதிலே இல்லை. ஊரில் எவன் வீட்டு ஃப்ரிட்ஜ் நின்றாலும் போன் வந்த அரை மணியில் நான் போய் நிற்கிறேன். நான் கூப்பிட்டால் மட்டும் உனக்குக் காது கேட்காதோ?

இனிமேல் கேட்கப் போவதில்லை. போ.

மார்ச் 20, வெள்ளி

கடையில் தண்ணீர் வரவில்லை. வழக்கமாகக் கை கால் கழுவி, சட்டை மாற்றிக்கொண்டுதான் வருவேன். இன்றைக்குக் கிரீஸ் படிந்த சட்டையும் டூல்ஸ் பையுமாக வந்து நின்றேன். பையைப் பார்த்தாள். முகம் மலர்ந்துவிட்டது.

"ஃப்ரிட்ஜ் பாக்க வந்தீங்களா பெரியவரே? எவ்வளவு நாளா சொல்லிட்டிருக்கேன்! உள்ள வாங்க."

பெரியவரே! என்னைவிட நாலு வயதுதான் சின்னவள்.

நன்றாக ஓடுகிற ஃப்ரிட்ஜைத் திருப்பிப் போட்டு, பின்பக்க ஸ்க்ரூவை எல்லாம் கழற்றினேன். பக்கத்தில் நாற்காலி போட்டு மேற்பார்வை பார்த்தாள். "எங்க வீட்டுக்காரருக்கும் இதே வேலைதான். அவரா இருந்தா பத்து நிமிஷத்துல முடிச்சிருப்பாரு. நீங்க கொஞ்சம் மந்தம்." என்மேலேயே எனக்குப் பொறாமை வந்தது, என்ன கொடுமை இது!

"பசிக்குதுங்க. நீங்க சாப்பிட்டா நானும் சாப்பிடுவேன்" என்று சும்மாதான் சொல்லிப் பார்த்தேன்.

சாப்பிட்டாள். என் கையால் பரிமாறியதைச் சாப்பிட்டாள்.

மார்ச் 23, திங்கள்

இன்றைக்கும் ஃப்ரிட்ஜ் ரிப்பேர். தட்டு காலி.

ஏப்ரல் 6, திங்கள்

மாலை ஆறு மணிக்கு அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து வாய்விட்டு வேண்டுவாள். கல்யாணமான நாளிலிருந்து உள்ள பழக்கம். முன்பெல்லாம் அந்த நேரத்தில் நான் கடையில் இருப்பேன்; இப்போது ஐந்தரைக்கே வந்தாலும் என்னைக் கண்டால் வாயைத் திறக்க மாட்டாள், கேட்டதே இல்லை. இன்றைக்கு ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் உட்கார்ந்து கேட்டேன்.

"ஆண்டவா, என் தங்கச்சியப் பாத்துக்கோ. என் வீட்டுக்காரரப் பத்திரமா வீடு சேத்துடு. உடனே வரலன்னாலும் பரவால்ல. வர்ற வரைக்கும் காத்திருக்க எனக்குத் தெம்பு குடு."

ஸ்க்ரூடிரைவர் கையிலிருந்து நழுவிவிட்டது. இங்கேதானே இருக்கேன், மூணடி தூரத்துல இருக்கேனே பாவி! தொண்டை வரை வந்தது. அந்தப் பாத்ரூம் தாழ்ப்பாள் நினைவுக்கு வர, விழுங்கிக்கொண்டேன்.

எல்லாம் மறந்தவள் அவள். அவள் கடவுளோடு சண்டை போடவில்லை. எல்லாம் ஞாபகமிருக்கிற நான்தான் தினமும் போடுகிறேன். அவளைப் பழையபடி கொடு என்றுதான் இத்தனை நாளும் கேட்டேன். காத்திருக்கத் தெம்பு கொடு என்று ஒருநாளாவது கேட்டேனா?

கேட்டேன், அங்கேயே தரையில் உட்கார்ந்தபடி. ஒன்றும் பெரிதாக நடந்துவிடவில்லை. எழுந்து போய்த் தட்டை எடுத்து வைத்தேன்.

ஏப்ரல் 19, ஞாயிறு

விண்ணப்பத்தைக் கிழிக்கவில்லை. இது இன்னும் மோசமாகத்தான் போகும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒருநாள் தேவைப்படலாம். நாலாக மடித்து ஃப்ரிட்ஜின் ஆடுகிற காலுக்கு அடியில் வைத்தேன். "அப்பாடா, ஒரு வேலையாவது உருப்படியா செஞ்சீங்க" என்றாள்.

மே 11, திங்கள்

பெரியவரையும் விரட்டிவிட்டாள். திருடன் என்றாள். மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன், வெட்கமில்லாமல். அரை மணி கழித்து மறுபடி மணி அடித்தேன். "ஏன் இவ்வளவு லேட்டு?" என்று திறந்தாள்.

ஜூன் 9, செவ்வாய்

ஆறு மணி. நான் என் இடத்தில், ஃப்ரிட்ஜுக்குப் பின்னால். தங்கச்சிக்காக வேண்டினாள். அடுத்தது நான். காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தேன்.

"இந்தப் பெரியவரப் பாத்துக்கோ ஆண்டவா. தினமும் வர்றாரு, பாவம். வீட்டுல அவருக்கு யாரும் இல்ல போல."

அவ்வளவுதான். எழுந்துவிட்டாள். வீட்டுக்காரர் வேண்டுதலில் இல்லை. நேற்று இருந்தார். இனி வருவாரோ மாட்டாரோ, தெரியவில்லை. ஃப்ரிட்ஜில் தலையைச் சாய்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் சத்தமில்லாமல் அழுதேன். கடவுளைத் திட்டத் தோன்றவில்லை. வேண்டுதலில் நான் இன்னும் இருக்கிறேனே.

முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தேன். அவள் இரண்டு தட்டு எடுத்து வைத்திருந்தாள்.

"நாளைக்கும் வருவீங்கல்ல?"

"வருவேம்மா. இன்னும் வேலை முடியல."