கால் தரையில் பட்டதாம்

பாறசாலை சந்திப்பில் உன்னை நிறுத்தி வைத்திருக்கிறார்கள், ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்காக. இன்று காலையில் மீன் வாங்கப் போனபோது, சாளை வாசனைக்கு நடுவே வேறொரு நாற்றம் மூக்கில் ஏறியது. புது ஃபிளெக்ஸ் வெயிலில் வேகிற நாற்றம். தலையைத் தூக்கிப் பார்த்தால் நீ. ஹெல்மெட்டைக் கையிடுக்கில் வைத்துக்கொண்டு பல் தெரியச் சிரிக்கிறாய். உன் பல் அவ்வளவு வெள்ளை கிடையாது. போகட்டும், செத்தவனுக்குப் பல் விளக்கிவிடுவது ஃபிளெக்ஸ்காரனின் தொழில் தர்மம். என் வயிறு எரிந்தது படத்துக்குக் கீழே இருந்ததைப் படித்தபோதுதான். இரண்டு மாநிலத்துக்காரனும் படித்துக்கொள்ளட்டும் என்று மலையாளத்திலும் தமிழிலும் பெரிதாக எழுதியிருக்கிறார்கள்: 'சாதனை வீரர்'.

வரும் ஞாயிற்றுக்கிழமை உன் நினைவாகச் சைக்கிள் போட்டியாம். நடத்துவது சைக்கிள் சங்கம். எந்தச் சங்கம்? அதே சங்கம்தான். நான் நின்ற இடத்திலேயே வாய்விட்டு வைய ஆரம்பித்துவிட்டேன். மீன்கார அக்கா கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "ஆரயாக்கும் சார் ஏசுதது? என்னயா?" என்றாள். இல்லை அக்கா, உன்னை இல்லை என்று சமாதானம் சொல்லி, மீனுக்கான காசைக் கொடுத்துவிட்டு மீனை வாங்க மறந்து வீட்டுக்கு வந்தேன். என் மனைவி உன்னையும் சேர்த்து ஏசினாள்.

உனக்குத் தெரிந்த கதையையே உனக்குத் திரும்பச் சொல்கிறேன், பொறுத்துக்கொள். அந்த ஃபிளெக்ஸ் சொல்லாமல் விட்டதை யாராவது சொல்ல வேண்டாமா?

நாம் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் வடக்கேயிருந்து வந்த ஒருவர், திருவனந்தபுரத்துப் பக்கம், வளைவில் சுவர்போல ஏறிச் சரிகிற சைக்கிள் தளத்தில், ஆறு மணி நேரம் கால் தரையில் படாமல் வட்டம் சுற்றி ஒரு தூரத்தை எட்டினார். அதற்குப் பிறகு அந்தத் தூரத்தை யாரும் தாண்டவில்லை. முயன்றவர்களில் ஒருவனுக்கு முதுகு போனது. இன்னொருவன் சைக்கிளிலேயே கண்ணயர்ந்து சரிவில் உருண்டான். அந்தத் தூரத்தின் மேல் உனக்குக் கண் விழுந்தது நாற்பத்தைந்தைத் தாண்டிய வயதில். கரண்ட் ஆபீஸில் உத்தியோகம், வீட்டில் நான் மைனி என்று கூப்பிடும் உன் மனைவி, காலேஜில் மகள். அந்த வயதில் உன் சர்ச்சில் மற்ற ஆண்கள் கமிட்டித் தேர்தலுக்கு நிற்பார்கள். நீ காலையும் தொடையையும் மழித்துக்கொண்டு ரோட்டில் இறங்கினாய். மழித்த கால் காற்றைக் கிழிக்குமாம். அதைப் பற்றி ஊரில் என்னென்ன பேச்சு வந்தது என்பதை உன் மகளுக்காக இங்கே எழுதாமல் விடுகிறேன். பாதிப் பேச்சைக் கிளப்பிவிட்டது நான்தான் என்பதும் ஒரு காரணம்.

பனச்சமூட்டு டீக்கடையில் கேட்டார்கள்: "ஆறு மணிக்கூறு சுத்தி, தொடங்கின எடத்துலயே வந்து நிக்கதுக்கு எதுக்குலே சைக்கிளு?" நீ டீயைக் குடித்து முடித்துச் சொன்னாய்: "நீயும் தெனமும் இங்கதான வந்து நிக்கிய." அதோடு அந்தக் கடையில் அந்தக் கேள்வி நின்றது.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நீ பொழியூர்க் கடற்கரை வரை எதிர்க்காற்றில் மிதிப்பாய். நான் பின்னால் ஸ்கூட்டரில், உனக்கான வாழைப்பழங்களோடு வருவேன். திரும்பி வரும்போது பாதிப் பழம் இருக்காது. "எலே, சைக்கிளு ஓட்டுதது நானா நீயா?" என்பாய். நான் வெட்கப்பட்டதாக நினைவில்லை.

அப்படி ஒரு ஞாயிறு, அதியன்னூர்ப் பக்கம் எதிரே ஒரு சவம் வந்தது. நம் ஊர் வழக்கம் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. சவம் வந்தால் சைக்கிளில் போகிறவன் இறங்கி நிற்க வேண்டும். மடித்துக் கட்டிய வேட்டியை அவிழ்த்து விட வேண்டும். அதெல்லாம் நம் அப்பன்மார் காலத்தோடு போயிற்று என்று நான் ஸ்கூட்டரை ஓரமாக ஒடித்துப் போய்விட்டேன். நீ இறங்கி நின்றுவிட்டு வந்து என்னைப் பிடித்தாய். "எலே, அவன் இனி இந்த ரோட்டுல வரமாட்டான். நீ நாளைக்கும் வருவ. நின்னா என்ன?" அப்போது நான் அதற்கும் ஒரு தமாஷ் சொன்னேன். நல்ல தமாஷ்தான். ஆனால் நீ சிரிக்கவில்லை.

பிறகு அந்த நாள் வந்தது. தளத்து ஓரத்தில் தண்ணீர்ப் புட்டி நீட்டுகிற பதவி எனக்கு. தார்ப்பாய் நிழலில் சங்கத்துக்காரர்கள் இருந்தார்கள். மைனி உட்காராமல் நின்றே இருந்தாள். ஆறாவது மணி நேரத்தில் நீ பழைய கணக்கை முந்தியிருந்தாய். சுற்று எண்ணுகிறவர்கள் முகத்திலேயே அது தெரிந்தது. மதியமெல்லாம் நாற்காலியில் தூங்கிய செயலாளர்கூட எழுந்து தலை சீவிக்கொண்டார், போட்டோவுக்கு. நீ சும்மா மிதித்துக்கொண்டே இருந்தால் போதும். கொஞ்ச நேரம்தான் பாக்கி.

மதிலுக்கு வெளியே பேண்டு வாத்தியம் கேட்டது. எனக்கும் கேட்டது, ஏதோ கல்யாணம் என்று விட்டுவிட்டேன். வளைவின் உச்சியில் ஏறிய உனக்கு மட்டும் மதிலுக்கு அந்தப் பக்கத்து ரோடு தெரிந்தது. ஒரு பெட்டி, நாலைந்து குடை, பின்னால் ஜனம். அந்தச் சைக்கிளுக்குப் பிரேக் கிடையாது, நினைத்தவுடன் நிற்காது. நீ ஒரு முழு வட்டம் வேகத்தைக் குறைத்துக் குறைத்து வந்தாய். டயர் போயிற்று என்று நினைத்து நான் வயிறு குலுங்க ஓடி வந்தேன். நீ காலைத் திருகி, பெடலில் மாட்டியிருந்த ஷூவைக் கழற்றி, இறங்கி, மதிலைப் பார்த்து நின்றாய்.

உன் வலது கை இடுப்புக்குப் போனது. வேட்டியை அவிழ்த்து விடப் போனது! தொடையோடு ஒட்டிய கால்சட்டையில் அது எதைத் தேடியதோ, பாவம்.

"சவமாக்கும்," என்றாய்.

"ஓட்டுலே மக்கா, அது போயிக்கோளும்," என்றேன். காலைப் பிடிக்காத குறை. நீ என் பக்கம் திரும்பவில்லை. பேண்டுச் சத்தம் தேய்ந்து அடங்கும் வரை நின்றாய். பிறகு ஏறினாய். நின்ற காலை மறுபடி சுற்ற வைப்பது எவ்வளவு வேதனை என்று உன் முகம் சொன்னது. மணி அடித்தபோது, நின்ற நேரமெல்லாம் போனாலும், நீ அந்தப் பழைய தூரத்தைத் தாண்டியிருந்தாய். நான் அழுதேன். மைனி சாட்சி.

செயலாளர் சீப்பைப் பையில் வைத்துக்கொண்டு வந்தார். கால் தரையில் பட்டதாம். கோபத்தில் என் மலையாளம் நன்றாக வரும், அன்றைக்கு ஆறாகப் பாய்ந்தது. டயர் பஞ்சரானால் இறங்கிச் சைக்கிள் மாற்றிக்கொள்ளலாம் என்று உங்கள் விதியிலேயே இருக்கிறதே என்றேன். இருக்கிறது என்றார். அப்படியென்றால் டயர் செத்தால் இறங்கலாம், மனுஷன் செத்தால் இறங்கக்கூடாதா என்றேன். "நியமம் நியமமாணு, சாரே," என்றார். விதி விதிதானாம். பக்கத்தில் இருந்த கமிட்டிக்காரர் அதைவிட மேல். தளர்ந்துபோய்க் கால் தானாகத் தரையில் பட்டிருந்தால் பரிசீலிக்கலாமாம். இவர் ஷூவைக் கழற்றி, தெரிந்தே இறங்கியிருக்கிறார், பரிசீலிக்க வழியில்லையாம். விழுந்தவனுக்கு இரக்கம் உண்டு, நின்றவனுக்குக் கிடையாது.

திரும்பி வரும்போது வேனில் உன்னிடமும் கத்தினேன். எதுக்குலே எறங்கின என்று. நீ ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னாய்: "நான் எறங்கல்ல மக்கா. காலாக்கும் எறங்கினது."

எனக்கு விடவில்லை. ஊர்வம்பு என் உபதொழில் அல்லவா? அந்தச் சவம் யாருடையது என்று ஆள் வைத்து விசாரித்தேன். ஓய்வுபெற்ற ஒரு பஸ் டிரைவர். சர்வீஸ் முழுக்க, கை காட்டியவனுக்கெல்லாம் வேகத்தைக் கூட்டிப் போனவர். அந்த வழியில் அவருடைய பஸ்ஸின் பின்னால் ஓடாத காலே இல்லையாம். ஸ்டாப்பில் ஒரு நாளும் ஒழுங்காக நிற்காத மனுஷனுக்காக நீ நின்றிருக்கிறாய்! இதைச் சொன்னால் உனக்குக் கோபம் வரும் என்று ஆசையாக ஓடி வந்து சொன்னேன். நீ கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாய். "அப்ப அவருக்கு ஒருத்தராவது நிக்கணும்லா," என்றாய். உனக்குக் கோபம் வராததில்தான் எனக்குப் பெரிய கோபம்.

உனக்கு வலிக்கவில்லை என்று ஞாயிற்றுக்கிழமை யாராவது மேடையில் சொல்வார்கள். பெருந்தன்மை என்பார்கள். அது பொய் என்று எனக்குத் தெரியும். பொழியூரில் ஒரு நாள், கடல் தின்ற ரோட்டின் விளிம்பில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, கேட்காமலே சொன்னாய்: "எனக்கு அது வேணும்னு உண்டு மக்கா. அதுல கள்ளம் சொல்லப்பிடாது." அடுத்த முறை பார்க்கலாம் என்று மறுபடி மிதிக்க ஆரம்பித்தாய். மழை வந்தது. வீட்டு முன்னால் அடைத்த ஓடையை வெறுங்காலோடு இறங்கிச் சுத்தம் செய்தாய். எலிக்காய்ச்சல். ஆறு மணி நேரம் ஓடின இதயத்தை ஒரு எலி நிறுத்திவிட்டது. இதற்கு எந்தச் சங்கத்தில் போய் முறையிட?

சர்ச்சிலிருந்து உன் வீட்டு வழியாக உன்னைக் கல்லறைத் தோட்டத்துக்குத் தூக்கிப் போனபோது பெட்டியின் முன்பக்கத்து மூலை என் தோளில் இருந்தது. எதிரே வந்த பைக்குகள் ஒதுங்கின, ஒருவனும் இறங்கவில்லை. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். பின்னால் ஒரு கார் விடாமல் ஹாரன் அடித்தது, வழி விடு, வழி விடு என்று. நானே ஒதுங்கி, கையை ஆட்டி, போய்த் தொலை என்று வழி விட்டேன். கார் என்னைத் தாண்டும்போது உள்ளே பார்த்தால் செயலாளர், மடியில் ஒரு மலர்வளையம். உன் வீட்டுக்குத்தான் அவசரமாகப் போய்க்கொண்டிருந்தார், உனக்கு மரியாதை செலுத்த. உன்னைத் தாண்டிப் போய்விட்டார்.

இன்று மதியம் அவரே போன் செய்தார். போட்டிக்குக் கொடி அசைக்க நான் வர வேண்டுமாம், உன் நெருங்கிய நண்பனாம். 'சாதனை வீரர்' என்று போட்டிருக்கிறீர்களே, அப்படியென்றால் சாதனை அவன் பெயரில் ஏறிவிட்டதா என்று கேட்டேன். "அது ஒரு மரியாதைக்குப் போட்டதாக்கும், சாரே," என்றார்.

மரியாதைக்கு! அந்த வார்த்தை அவர் வாயில் கூச்சமில்லாமல் வந்தது.

இப்போதெல்லாம் சவம் வந்தால் நான் இறங்கிவிடுகிறேன். தேய்ந்துபோன முழங்காலை வைத்துக்கொண்டு ஸ்கூட்டரை ஸ்டாண்டு போட்டு, ஹெல்மெட்டைக் கழற்றி, வேட்டியை அவிழ்த்து விடுவதற்குள் பாதி ஊர்வலம் போய்விடும். பின்னால் ஹாரன் அடிப்பார்கள். போன வாரம் பனச்சமூட்டில் ஒரு டெம்போக்காரன் தலையை நீட்டி, "சொந்தக்காரரா சாரே?" என்றான். ஆளே தெரியாது என்றேன். எனக்கு ஏதோ கழன்றுவிட்டதுபோலப் பார்த்தான். ஒரு வகையில் சரிதான்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று செயலாளரிடம் சொல்லிவிட்டேன். அவருக்கு ஆச்சரியம். கொடி என் கையில் இருக்கிறவரை ஒரு சைக்கிளும் நகர முடியாது என்பதை அவர் யோசிக்கவில்லை. எல்லோரையும் இறங்கச் சொல்லப் போகிறேன், ஷூவைக் கழற்றி, கால் தரையில் படும்படி. செயலாளரையும் காரிலிருந்து. கமிட்டிக்காரரையும் நாற்காலியிலிருந்து. நீ எவ்வளவு நேரம் நின்றாயோ அவ்வளவு நேரம். ஹாரன் அடிக்கிறவன் அடித்துக்கொண்டு கிடக்கட்டும், கொடியை அசைக்க மாட்டேன்.