காதில் பஞ்சு வைத்த தவக்காலம்

புக்கிட் ரம்பாய்
12.3.1996

அன்புள்ள அப்பாவுக்கு,

ஆண்டவர் கிருபையால் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

பெக்டரி மெஷின் சத்தத்தில் என் காதுகள் கொஞ்சம் அடைத்துக்கொண்டன. டாக்டர் மருந்து விட்டுப் பஞ்சு வைத்தார். பயப்பட ஒன்றுமில்லை.

ஞாயிறு பூசையில் எல்லாரும் எழுந்தது தெரியாமல் நான் மட்டும் முழந்தாளிலேயே இருந்துவிட்டேன். கூடத் தங்கியிருக்கும் மரியசெல்வி அக்கா தோளைத் தட்டி, காதருகே வந்து, "எந்திரி லா, எல்லாரும் பாக்குறாங்க" என்றார். வெட்கமாகப் போய்விட்டது. ஆனால் இந்தத் தவக்காலம் முழுக்க வராத ஜெபம் அப்போதுதான் வந்தது, அப்பா. ஆண்டவரும் பக்கத்தில் முழந்தாளிட்டிருந்தது போல இருந்தது.

அம்மாவின் ஜெபமாலையை அனுப்பிவையுங்கள். பஸ் வந்துவிட்டதென்று அக்கா கை காட்டுகிறார். பஞ்சை நேற்றே எடுத்துவிட்டார்கள். அடுத்த முறை போனில் கொஞ்சம் சத்தமாகப் பேசுங்கள்.

உங்கள் மகள்,
பிலோமினா