வாசல் சிமெண்டைப் பெயர்த்துவிட்டோம், அப்பா

என் பிரியமான அப்பா,

நம் வீட்டு வாசலில் நீங்கள் பக்கத்திலேயே நின்று பூசவைத்த சிமெண்டுத் தளத்தைப் பெயர்த்துவிட்டோம். இந்தச் சேதியை என் வாயால்தான் நீங்கள் கேட்க வேண்டும் என்பதால் எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுகிறேன். கோபப்படுவதாக இருந்தால் கடைசிவரை கேட்டுவிட்டுக் கோபப்படுங்கள். இருந்த காலத்திலும் நீங்கள் அப்படித்தானே? முழுசாகக் கேட்பீர்கள், பிறகுதான் சத்தம் போடுவீர்கள்.

காலனியில் இன்றைக்கும் உங்களைச் 'சிமெண்டு ரோட்டுக்காரர்' என்றுதான் சொல்கிறார்கள். பட்டாசு ஆலையில் அத்தனை வருடம் போர்மேனாக இருந்தீர்கள், அந்தப் பேர் ஒட்டவில்லை. நாரணாபுரம் போகிற வழியில் கரிசல் காட்டை மனை போட்டு விற்ற இந்த இடத்துக்கு நாம் குடிவந்தபோது நான் சின்னப் பிள்ளை. மழை பெய்தால் செருப்பைச் சேறு பிடுங்கிக்கொள்ளும். தம்பி முருகேசன் பிறக்கிற நேரத்தில் அம்மாவை ஏற்றிய ஆட்டோ கரிசல் சேற்றில் புதைந்து நின்றது. நார்க்கட்டிலில் அவளைப் படுக்கவைத்து நீங்களும் ராஜாமணி மாமாவும் பக்கத்து வீட்டு ஆட்களும் மெயின் ரோடு வரை தூக்கிக்கொண்டு போனீர்கள். நான் பின்னாலேயே அழுதுகொண்டு ஓடிவந்தேன். "இந்தக் காலனியில இனி ஒரு பொம்பள சேத்துல சிக்கக் கூடாது" என்று அன்றைக்குத்தான் சொன்னீர்கள்.

அப்புறம் நீங்கள் ஏறி இறங்காத ஆபீஸ் இல்லை. ரோடு வந்தது. வந்த சந்தோஷத்தில் எல்லோரும் வாசலுக்கும் சிமெண்டு போட்டார்கள். நம் மேட்டுத் தெருவின் ஓரமாக மழைத்தண்ணீர் ஓடிய ஓடையின் மேல் கல் பரப்பி, அதற்கு மேல் தளம் போட்டு, வண்டி நிறுத்த இடம் பண்ணிக்கொண்டோம். முதலில் செய்தது நம் வீடுதான். அன்றைக்கு அது யாருக்குத் தப்பாகத் தோன்றும்? சேறு போனது, பாம்பு வருவது நின்றது, கொசு குறைந்தது. உங்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனால் நீங்கள் போன பிறகு காலி மனையெல்லாம் வீடாகிவிட்டது அப்பா. ஒரு சுவரிலிருந்து எதிர்ச் சுவர் வரை மண்ணே கண்ணில் படாது. விருதுநகர் வத்தல் மண்டியில் வேலை முடித்து, சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தால், பொழுது அடைந்த பிறகும் தரை அனலைக் கக்குகிறது. போர்வெல்லை ஆழமாக்கி ஆழமாக்கிப் பார்த்தோம். சித்திரை வந்தால் காற்றுதான் வருகிறது. அதற்கப்புறம் தண்ணீர் லாரிக்குக் காத்திருக்க வேண்டியதுதான்.

மேட்டுத் தெருவில் நமக்கே இப்படி என்றால், கீழே தாழ்வாகக் கிடக்கிற பள்ளத் தெருவை யோசித்துப் பாருங்கள். அங்கே பாதி வீடு கல்நார் ஓடு, மீதி தளம் போட்ட ஒற்றை அறை. செல்வியை உங்களுக்கு நன்றாகத் தெரியும், உங்கள் ஆலையில் வேலை பழகியவள். இப்போது அவள் வீட்டில் மாமனார் பக்கவாதம் வந்து கட்டிலோடு கிடக்கிறார்.

போன வருஷம் ஐப்பசியில் ஒரு நாள் மத்தியானம் பிடித்த மழை விடவே இல்லை. தீபாவளிக்கு ஆலைகளெல்லாம் அடைத்திருந்த நேரம். பள்ளத் தெருவிலிருந்து கூப்பாடு கேட்டு ஓடினேன். செல்வி வீட்டுக்குள் தண்ணீர் கட்டில் சட்டத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. பெரியவர் அசைய முடியாமல் முகட்டையே பார்த்துக்கொண்டு கிடந்தார். முருகேசனும் நாலு பேருமாகச் சேர்ந்து அவரைக் கட்டிலோடு தூக்கி வந்து உங்கள் அறையில் படுக்கவைத்தோம். அம்மா உங்கள் வேட்டியை எடுத்துக் கொடுத்தாள்.

செல்வி நம் அடுக்களை வாசலில் நின்று சேலையைப் பிழிந்துகொண்டே சொன்னாள். குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"அக்கா, எங்க தெருவுல பெய்ஞ்ச மழைக்கு வீட்டுக்குள்ள தண்ணி ஏறாது. இது பூராம் உங்க மேட்டுத் தெருத் தண்ணி. உங்க வாசல்ல ஒரு சொட்டு இறங்க வழியில்ல, அம்புட்டும் எங்க வீட்டுக்குத்தான் வருது. வைகாசியில இதே தண்ணிக்குத்தான் லாரி வருமா வருமான்னு நிக்கோம்."

அவள் சொன்னது நிஜந்தானா என்று பார்த்துவிட நினைத்தேன். அடுத்த மழைக்கு ஆளுக்கொரு குடையைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் தண்ணீருக்குப் பின்னாலேயே நடந்தோம். சிமெண்டில் வழுக்கிக்கொண்டு ஓடி வந்த தண்ணீர் ஓடை இருந்த இடத்தில் முட்டி, உள்ளே போக வழி தெரியாமல் திரும்பி, நேரே பள்ளத் தெருவுக்குள் இறங்கியது. தெரு முனையில் இருக்கிற பொதுக்கிணறு ஞாபகம் இருக்கிறதா? குப்பையால் தூர்ந்துபோய்க் கிடந்தது. அதைச் சுற்றிக்கொண்டுதான் தண்ணீர் ஓடியது.

பிள்ளையார் கோயில் மண்டபத்தில் காலனிக் கூட்டம் போட்டோம். மூடிய ஓடையைத் திறக்க வேண்டும், வாசல் சிமெண்டைப் பெயர்த்து மண்ணைக் காட்ட வேண்டும், கிணற்றைத் தூர்வாரி மழைத்தண்ணீரை அதில் விட வேண்டும், மரம் வைக்க வேண்டும் என்றேன். ராஜாமணி மாமா எழுந்துவிட்டார்.

"ஏட்டி கோமதி, உங்க அப்பன் செருப்புத் தேய அலைஞ்சு கொண்டாந்தத நீ கடப்பாரையால ஒடைக்கப் போறியா?"

"ரோட்டத் தொட மாட்டோம் மாமா. அது இருக்கணும். வாசலையும் ஓடையையும்தான் சொல்லுதேன்."

"இன்னைக்கு வாசல்னுவ, நாளைக்கு ரோடும்ப. மறுபடியும் சேத்துல நடக்கணுமா நாங்க?"

பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. "மொதல்ல உங்க வாசல ஒடைச்சிட்டு வாங்க, பெறகு பேசுவோம்." சிரிப்பு எழுந்தது. கேட்டது நியாயம்தானே அப்பா? ஓடையை முதலில் மூடிய வீடு நம் வீடு. திறப்பதும் நாமாகத்தான் இருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்தால் முருகேசன் முறுக்கிக்கொண்டு நின்றான். காலண்டர் சீசன், அச்சகத்தில் அவனுக்கு மூச்சுவிட நேரமில்லை. அந்த எரிச்சலும் சேர்ந்துகொண்டது.

"அப்பா வெயில்ல நின்னு பாத்துப் பாத்துப் போட்ட தரை, அக்கா. அவரு போனப்பெறகு நமக்குன்னு மிஞ்சினது என்ன இருக்கு?"

அவனுக்கு உங்களை வைத்தேதான் பதில் சொன்னேன். ஆலையில் தீ தாவாமல் இருக்க ஓர் அறைக்கும் அடுத்த அறைக்கும் நடுவில் அத்தனை இடம் விடுவீர்களே, அந்த இடத்தில் வேம்பு நிற்குமே, சாப்பாட்டு நேரத்தில் ஆட்கள் அதன் நிழலில்தானே உட்காருவார்கள்? கோடையில் உச்சி வருவதற்குள் எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிடுவீர்கள். ஆர்டர் நிற்கிறது என்று முதலாளி குதித்தாலும், "வெயிலோட வெளையாட முடியாது மொதலாளி" என்பீர்கள். "வேலை பாக்குற இடத்துல இம்புட்டுப் பாத்தவரு, குடியிருக்கிற இடத்துக்கு வேண்டாம்னா சொல்லுவாரு?" என்று கேட்டேன். முருகேசன் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பப் பார்த்தான்.

கேட்டுக்கொண்டிருந்த அம்மா எழுந்து வந்து அவனை மறித்தாள்.

"ஏலே, நில்லு. அன்னைக்கு நார்க்கட்டில்ல கெடந்தது நானு. வயித்துக்குள்ள இருந்தது நீ. அந்த ரோடு எனக்காகப் போட்டது. இப்ப செல்வி மாமனார அதே மாதிரி கட்டிலோட தூக்கிட்டு வந்துருக்கீக. உங்க அப்பா இருந்தா சும்மா இருப்பாகளா? ஆளு கூப்புடு. ஒடைங்க."

முதல் கடப்பாரையை முருகேசன்தான் போட்டான். தளத்துக்கு அடியில் ஓடை அப்படியே இருந்தது அப்பா. அச்சகத்துக் காகிதத் துண்டும் ஜரிகைத் தாளும் பாலித்தீனும் அடைத்துக் கிடந்தன, ஆனால் கல் கட்டு ஒன்றுகூடச் சரியவில்லை. அள்ளி முடித்த அன்றைக்கு எதிர்வீட்டுக்காரர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். மறுநாள் அவர் வாசலிலும் சத்தம் கேட்டது.

எல்லோரும் வந்தார்கள் என்று சொன்னால் பொய்யாகிவிடும். சிலர் கேட்டைச் சாத்திக்கொண்டார்கள். ராஜாமணி மாமா என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அது வலித்தது. ஆனாலும் வேலையை நிறுத்தவில்லை. பெயர்த்த சிமெண்டுக் கட்டிகளை உடைத்துக் குழிகளில் போட்டு, மேலே மணல் பரப்பினோம், தண்ணீர் நின்று இறங்கட்டும் என்று. கிணற்றைத் தூர்வாரி, ஓடையிலிருந்து அதற்கு ஒரு வாய்க்கால் வெட்டினோம். பள்ளத் தெரு வீடுகளின் கூரைக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தோம். வேம்பும் புங்கையும் பூவரசும் வைத்தோம்.

கோடை எங்களை ஒரு கை பார்த்துவிட்டது. கன்றுகளில் பாதி கருகிவிட்டது. "நான் அப்பவே சொன்னேன்ல" என்று சொல்ல ஆட்களுக்கா பஞ்சம்? பாத்திரம் கழுவின தண்ணீரைச் சுமந்து ஊற்றினோம். பட்ட இடத்தில் மறுபடியும் நட்டோம். ஆனால் ஒரு நாள் செல்வி என் கையைப் பிடித்து இழுத்துப்போய் அவள் வீட்டுச் சுவரில் வைத்தாள். "தொட்டுப் பாருங்கக்கா, போன வருஷம் இந்நேரம் கைய வைக்க முடியுமா?" என்றாள். உள்ளே அவள் மாமனார் தூங்கிக்கொண்டிருந்தார். வைகாசி மத்தியானத்தில் அந்த மனுஷன் தூங்கி அவள் பார்த்ததே இல்லையாம்.

இந்த ஐப்பசியில் மழை அதே வேகத்தில் வந்தது. எனக்கு வீட்டுக்குள் இருப்புக்கொள்ளவில்லை. தெருவில் இறங்கி நின்றேன். பக்கத்தில் முருகேசன், செல்வி. நம் வாசலில் விழுந்த தண்ணீர் மண்ணுக்குள் போனது. மீந்தது ஓடைக்குள் இறங்கிக் கிணற்றில் விழுகிற சத்தம் கேட்டது. முருகேசன் கிணற்று விளிம்பைப் பிடித்துக் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றான். என்னடா என்றதற்கு, "ஒண்ணுமில்லக்கா, மழைதான்" என்று முகத்தைத் துடைத்தான்.

தளத்தைப் பெயர்க்காத ராஜாமணி மாமா வீட்டு முன்னால் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. அங்கிருந்து வழிந்து பள்ளத் தெருவில் கணுக்கால் அளவுக்கு ஏறியது. வீட்டுப் படியைத் தாண்டவில்லை. பெரியவரைத் தூக்க வேண்டிய தேவை வரவில்லை.

மறுநாள் காலையில் மாமா நம் வீட்டுக்கு வந்தார். அம்மாவிடம் முட்டுவலியைப் பற்றிப் பேசினார். காபி குடித்தார். மழையைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. எழுந்து போகும்போது கேட்டைப் பிடித்துக்கொண்டு, ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார்:

"ஏட்டி, என் வாசல்ல பாதிய எடுத்துக்க. பாதி எனக்கு வண்டி நிறுத்த வேணும். ரோட்ட மட்டும் நான் இருக்கிற வரைக்கும் தொடக் கூடாது."

"நீங்க இல்லாட்டியும் தொட மாட்டேன் மாமா."

தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போய்விட்டார். நீங்கள் பக்கத்தில் இருந்திருந்தால் அவர் முதுகில் ஒரு தட்டுத் தட்டியிருப்பீர்கள். என்னை என்ன செய்திருப்பீர்கள்? அதுதான் தெரியவில்லை. எழுதும்போது இடையிடையே பேனாவை வைத்துவிட்டு உங்கள் முகத்தை நினைத்துப் பார்க்கிறேன். ஒரு சமயம் முறைக்கிறீர்கள். ஒரு சமயம் குழிக்குள் எவ்வளவு மணல் போட்டாய் என்று கேட்கிறீர்கள்.

இன்னும் முடியவில்லை அப்பா. கிணறு நிரம்பினால் மிச்சத் தண்ணீர் கம்மாய்க்குப் போய்ச் சேர வேண்டும். காலனியைத் தாண்டியதும் கம்மாய்க்குப் போகிற கால்வாயின் மேல் கடைகள் கட்டிவிட்டார்கள். கேட்டால் மிரட்டுகிறார்கள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மனு கொடுக்கப் போகிறோம். செல்வி அன்றைக்கு வேலைக்கு லீவு சொல்லிவிட்டாள். முதல் தடவையில் எதுவும் நடக்காது என்று எனக்குத் தெரியும். அடுத்த திங்களும் போவோம், அதற்கடுத்த திங்களும் போவோம்.

உங்கள் பேரைச் சொன்னால் அங்கே ஒன்றிரண்டு பேர் எழுந்து நிற்பார்கள், உட்காரச் சொல்வார்கள். ஆனால் நான் சொல்லப் போவதில்லை. பள்ளத் தெருச் செல்வியும் மேட்டுத் தெருக் கோமதியும் வந்திருக்கிறோம் என்றே சொல்வேன். அந்தத் தண்ணீர் கம்மாயில் விழுகிற வரைக்கும் நாங்கள் ஓயப் போவதில்லை. இது உங்களுக்கு நான் கொடுக்கிற வாக்கு.

உங்கள் மூத்த மகள்,
கோமதி