சொந்தத் தீவன ஆலையில் பணிநீக்கம் செய்யப்பட்ட உரிமையாளரின் மனு

அனுப்புநர்
மு. உசேன்,
உரிமையாளர் (மென்பொருளின்படி முன்னாள் ஊழியர்),
கோழித்தீவன ஆலை,
புதுச்சத்திரம், நாமக்கல் மாவட்டம்.

பெறுநர்
பொது மேலாளர் அவர்கள்,
மாவட்டத் தொழில் மையம்,
நாமக்கல்.

பொருள்: கிளவுட் மென்பொருள் என்னை என் ஆலையிலிருந்து நீக்கியது – ஆலை என்னுடையதே என எழுத்துமூலம் உறுதிசெய்ய வேண்டுவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. புதுச்சத்திரத்தில் கோழித்தீவனம் அரைத்துச் சுற்றுவட்டாரப் பண்ணைகளுக்கு அனுப்பும் ஆலையை நடத்தி வருகிறேன். 'நடத்தி வருகிறேன்' என்ற சொல்லில்தான் இப்போது தகராறு.

2. மென்பொருளின் நன்மைகளை முதலில் சொல்லிவிடுவது நியாயம். சென்ற ஐப்பசி மழையில் அலுவலகக் கூரை ஒழுகி, கணினி தண்ணீரில் ஊறிப் பழுதானது. பழைய நிலைமையென்றால் ஆலையே நின்றிருக்கும். ஆனால் எங்கள் கணக்காளர் கோகிலவாணி அன்று பிற்பகலே தன் கைபேசியில் பில் போட்டு லாரிகளை அனுப்பிவிட்டார். கணக்கெல்லாம் எங்கோ பத்திரமாக இருக்கிறது என்றார். எங்கே என்று கேட்டேன். மேலே கையைக் காட்டினார். அன்று எனக்கு அது பெரிய நிம்மதியாக இருந்தது.

3. அதே மென்பொருளில்தான் வருகைப் பதிவும் உண்டு. விரல் வைத்தால் ஆலைக் கதவு திறக்கும். ஊழியர் எண் இல்லாதவருக்குத் திறக்காது என்பதால், அதைப் பொருத்த வந்தவர் என்னையும் ஒரு ஊழியராகச் சேர்த்தார். சொல்லாமல் கொள்ளாமல் தொடர்ந்து வராதவரை மென்பொருள் தானாகவே நீக்கிவிடும் என்பதையும் பெருமையாக விளக்கினார். நானும் தலையாட்டினேன்.

4. சென்ற மாதம் என் மனைவி மஸ்தான் பீவியுடன் மக்காவுக்கு உம்ரா புனிதப் பயணம் சென்றேன். விடுப்பு கேட்கவில்லை. யாரிடம் கேட்பது என்று தாங்களே சொல்லுங்கள். மதீனாவில் இருந்தபோது கைபேசியில் ஒரு செய்தி வந்தது. இதுவரை ஆற்றிய பணிக்கு நன்றி, எதிர்காலம் சிறக்க வாழ்த்துகள் என்று இருந்தது. ஏதோ விளம்பரம் என்று விட்டுவிட்டேன்.

5. ஊர் திரும்பி ஆலைக்குப் போனபோது கதவு திறக்கவில்லை. விரலைக் கழுவித் துடைத்தும் வைத்துப் பார்த்தேன். வாசல் காவலர் சடையன் ஓடிவந்தார். அவர் என்னிடம் பல வருடமாக வேலை பார்ப்பவர். தலையைக் குனிந்துகொண்டே, "தப்பா நெனச்சுக்காதீங்க மொதலாளி, பார்வையாளர் சீட்டு வாங்கிட்டுப் போயிருங்க. கேமரா பாத்துட்டு இருக்குதுங்க" என்றார். சீட்டில் வந்த காரணம் கேட்டிருந்தது. சரக்கு ஏற்ற, சரக்கு இறக்க, வேலை கேட்டு, இதர என்று இருந்ததில் 'இதர' என்பதைத் தேர்ந்தெடுத்தேன்.

6. உதவி மையத்துக்குப் பேசினேன். நிர்வாகி கேட்டுக்கொண்டால்தான் எதையும் மாற்ற முடியும் என்றார்கள். நான் நீக்கப்பட்டதும் மென்பொருள் அடுத்த நிலையில் இருந்த கோகிலவாணியை நிர்வாகியாக உயர்த்தியிருந்தது. அவரும் மனமார முயன்றார். நீக்கப்பட்டவரைத் திரும்பச் சேர்க்க வழியே இல்லை, புதிய ஆளாக விண்ணப்பித்தால்தான் உண்டு என்று தெரிந்தது. விண்ணப்பித்தேன். என் வயது அறுபதைத் தாண்டியதால் மென்பொருள் நிராகரித்தது. கோகிலவாணி கண் கலங்கிவிட்டார். "வயசு வரம்ப மாத்தோணும்னா ஓனர் ஒப்புதல் கேக்குதுங்க. ஓனர்னு இருக்கற எடம் காலியா கெடக்குதுங்க" என்றார். அவர்மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை என்பதை இங்கே பதிவுசெய்கிறேன்.

7. இதில் என் வீட்டு ஆதரவும் எனக்கு இல்லை. ஓய்வெடுக்கச் சொல்லி மஸ்தான் பீவி பல வருடம் மன்றாடியும் நடக்காதது, ஒரே செய்தியில் நடந்துவிட்டது. "உடுங்க, நல்லதுக்குத்தான்" என்று சொல்லிவிட்டு, மதியச் சோற்றைச் சூடாகப் பரிமாறுகிறார். நான் ஆறிய சோற்றுக்குப் பழகியவன்.

8. மறைக்காமல் ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் இல்லாமலும் ஆலை நன்றாகவே ஓடுகிறது. லாரிகள் நேரத்துக்குப் போகின்றன. ஆட்கள் சண்டையில்லாமல் இருக்கிறார்கள். பண்ணைக்காரர்கள் என்னை விசாரிப்பதில்லை. மென்பொருளின் நன்மை என்று இதைச் சேர்ப்பதா, தீமை என்று சேர்ப்பதா என்று எனக்குத் தெரியவில்லை. பார்வையாளர் நாற்காலியில் உட்கார்ந்து இயந்திரச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

9. மென்பொருளை நீக்கச் சொல்லவில்லை. ஆலை என்னுடையது என்பதற்குத் தங்கள் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தால், அந்தக் காலி இடத்தில் என் பெயரைப் போடுவதாக உதவி மையம் ஒப்புக்கொண்டிருக்கிறது. அந்தக் கடிதத்தைத் தந்து உதவ வேண்டுகிறேன்.

10. கடிதம் தாமதமானாலும் தாங்கள் வருந்த வேண்டாம். ஆலையில் இரண்டாம் காவலர் வேலை காலியாக இருக்கிறது. அதற்கு மட்டும் வயது வரம்பு இல்லை. விண்ணப்பித்துவிட்டேன். சடையன் எனக்காகப் பரிந்துரை செய்திருக்கிறார். வரும் வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்ததும் நேர்முகத் தேர்வு. அதற்குள் கடிதம் வந்தால் முதலாளியாக உள்ளே போவேன். வராவிட்டால், எனக்கு அந்த வேலை கிடைக்க வேண்டும் என்றாவது தாங்கள் மனதார நினைத்துக்கொள்ளுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் பதிலுக்காக வாசலில் காத்திருக்கும்,
மு. உசேன்

இடம்: புதுச்சத்திரம்
நாள்: 14.07.2025