திருப்தி என்று எழுதினேன்

மார்ச் 4
முழங்கால் வலி. தேநீர் ஆறியிருந்தது, மருமகளிடம் சொன்னேன்.

ஓய்வு பெற்ற மேட்ரன் என்பதால் அரசு ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு. வார்டுக்குப் போய் ஒப்பந்த நர்சுகளின் வேலையைப் பார்த்து மதிப்பீடு எழுத வேண்டுமாம். எனக்குக் குழந்தைகள் வார்டு. மருமகள் சிரித்தாள்: "பாவம் அந்தப் பொண்ணுங்க. அத்தை வாயால 'பரவாயில்ல'ன்னு வாங்க எனக்கே எத்தனை வருஷம் ஆச்சு!" பொய்யில்லை. நான் கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள். அவர்கள் யாரையும் புகழ்ந்து கெடுத்ததில்லை.

மார்ச் 6
மூன்று நர்சுகள். ஒருத்தி போனும் கையுமாகவே இருக்கிறாள். ஒருத்தி கையுறை மாற்றாமல் கட்டில் கட்டிலாகப் போகிறாள். மூன்றாமவள் என்னிடம் பயிற்சி பெற்றவள். குச்சிபோல் இருப்பாள், 'ஊசி' என்றே கூப்பிடுவோம்.

பச்சைக் குழந்தை ஒன்றுக்கு நரம்பு கிடைக்காமல் டாக்டரே கைவிட்டுவிட்டார். இவள் அந்தக் கையைத் தன் உள்ளங்கைக்குள் பொத்திச் சூடாக்கினாள். தாயிடம், "சரியான கள்ளன் உங்க பையன். நரம்பை எங்கயோ ஒளிச்சு வெச்சிருக்கான்" என்றாள். தாய் சிரித்துவிட்டாள். ஒரே குத்து. மருந்து இறங்கியது.

குறை தேடினேன். அகப்படவில்லை.

மார்ச் 7
படிவத்தில் ஐந்து கட்டங்கள்: மிகச் சிறப்பு, சிறப்பு, நன்று, திருப்தி, போதாது. முதல் மூன்றும் கடைக்காரன் விளம்பரம். நான்காவதுதான் யோக்கியமான சொல்.

இருவருக்குப் 'போதாது'. ஊசிக்குத் 'திருப்தி'. என் உத்தியோக காலம் முழுவதும் அந்தச் சொல்லை யாருக்குக் கொடுத்திருக்கிறேன்?

ஏப்ரல் 2
பட்டியல் வந்துவிட்டது. என் வார்டில் மூவருக்கும் ஒப்பந்த நீட்டிப்பு இல்லை. ஊசிக்குமா?

நேரே கண்காணிப்பாளர் அறைக்குப் போனேன்.

"மத்த வார்டுல எல்லாருக்கும் மிகச் சிறப்பு போட்டுட்டாங்க மேடம். திருப்தின்னா கீழேயிருந்து ரெண்டாவது. தானா கழிஞ்சு போச்சு."

"அவங்க வேலையைப் பார்த்துட்டா போட்டாங்க?"

"பார்க்காமத்தான். அதனால அங்க யாருக்கும் வேலை போகல."

திருத்தி எழுதித் தருகிறேன் என்றேன். ஃபைல் மேலே போய்விட்டதாம். கெஞ்சினேன் — நான்!

ஏப்ரல் 3
சோறு இறங்கவில்லை. பொய்யா எழுதினேன்? பார்த்ததைத்தானே எழுதினேன்... ஆனா எழுதினது என் கைதானே?

என் வீட்டுக்காரர் இருந்திருந்தால், "உன் கிட்ட நல்ல பேர் வாங்கினவன் பிழைச்சதே இல்லடி" என்று கேலி செய்திருப்பார். கேலி செய்யவும் ஆளில்லை.

ஏப்ரல் 9
ஊசி வந்தாள். உட்காரச் சொன்னேன். என் முன்னால் உட்கார்ந்து பழக்கமில்லை அவளுக்கு, நின்றுகொண்டே பேசினாள். வெளியூரில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலையாம்.

"குழந்தைங்க கிடையாது மேட்ரன் அம்மா. எல்லாம் உங்க வயசுக்காரங்க. திட்டு வாங்குறது எனக்கென்ன புதுசா?"

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். முந்திக்கொண்டாள்.

"நீங்க எழுதினதை அன்னிக்கே ஆபீஸ்ல எட்டிப் பார்த்துட்டேன். மேட்ரன் அம்மா எனக்குத் திருப்தி போட்டுட்டாங்கன்னு வீட்டுக்குப் போய்க் குதிச்சேன். எங்கம்மா நம்பவே இல்ல."

அவளுக்கு மட்டும் புரிந்திருக்கிறது. அவள் போனதும் அறைக் கதவைச் சாத்திக்கொண்டேன். போதும்.

ஏப்ரல் 10
எழுத ஒன்றுமில்லை.

மார்ச் 12
ஒரு வருஷம் ஓடிவிட்டது. மறுபடியும் மதிப்பீட்டுக்கு அழைத்தார்கள். போகக் கூடாது என்றிருந்தேன். போனேன்.

அதே வார்டு, வேறு முகங்கள். மூலைக் கட்டிலில் ஒரு குழந்தையின் கை புசுபுசுவென்று வீங்கியிருந்தது. சலைன் நரம்பில் ஏறாமல் சதையில் இறங்கியிருக்கிறது. நானே குழாயை மூடிவிட்டு, அந்தக் கையை உயர்த்திப் பிடித்தபடி நின்றேன். ஜன்னலோரம் போனில் பேசிக்கொண்டிருந்த நர்சு ஓடி வந்தாள்.

"ஐயோ, இப்பத்தான் மேடம் பார்த்துட்டுப் போனேன்."

படிவத்தை வாங்கி எல்லோருக்கும் 'மிகச் சிறப்பு' போட்டுக் கொடுத்தேன். மதியச் சாப்பாட்டுக்கு முன்பே வீட்டுக்கு வந்துவிட்டேன்.