கறுப்பு அம்பாசடரில் விழுந்த கீறல்

1994 ஜனவரி 18, செவ்வாய்

இன்று ஒன்பது வண்டி. பொங்கலுக்கு ஊருக்குப் போய்த் திரும்பியவை எல்லாம் செம்மண்ணோடு வந்து நிற்கின்றன. ஜப்பார் பாய் இந்த வாட்டர் சர்வீஸ் ஆரம்பித்துப் பதினொரு வருஷம் ஆகிறதாம். நான் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம். அதற்குள் பூந்தமல்லி முழுக்க ‘பொம்பளை துடைக்கிற கடை’ என்று பெயராகிவிட்டது. கிண்டலாகத்தான் சொல்கிறார்கள். சொல்லட்டும். வண்டியைக் கொண்டுவந்து விடுவதென்னவோ இங்கேதான்.

மதுரைவீரன் அண்ணன் தண்ணீர் அடிப்பார், நான் துடைப்பேன். துடைப்பது லேசான வேலை என்று எல்லோருக்கும் நினைப்பு. நம் போர் தண்ணீர் உப்பு. வெயிலில் ஒரு சொட்டு காய்ந்தால் போதும், வெள்ளைப் புள்ளியாக உட்கார்ந்துகொள்ளும். அதனால் கடைசியில் ஒரு குடம் நல்ல தண்ணீரைக் கூரையிலிருந்து ஊற்றியே ஆகவேண்டும் என்று பாயிடம் சண்டை போட்டு வாங்கி வைத்திருக்கிறேன். “குடிக்கிற தண்ணிய வண்டிக்கு ஊத்துறியேம்மா” என்று இன்றும் முனகினார். முனகட்டும் என்று ஊற்றினேன். பிறகு நிழலுக்குத் தள்ளிவிட்டு, மேலிருந்து கீழே, நேராக ஒரே இழுப்பு. வட்டமாகத் தேய்க்கக் கூடாது, அழுத்தக் கூடாது. முதலில் நனைத்துப் பிழிந்த வேட்டித் துணி, அதன் பின்னாலேயே உலர்ந்த துணி. கீழே விழுந்த துணியை அன்றைக்கு மறுபடி தொடமாட்டேன், மண் ஒட்டியிருக்கும்.

புதுத் துணி வாங்கித் தருகிறேன் என்கிறார் பாய். புதுத் துணி தண்ணீரைக் குடிக்காது, பஞ்சுதான் விடும். பத்தாவது பெயிலான எனக்கு இந்த ஒரு பாடமாவது முழுசாகத் தெரியும்.

ஜனவரி 20, வியாழன்

தலைவலி. நாலு வண்டி. எழுத ஒன்றுமில்லை.

ஜனவரி 23, ஞாயிறு

கோபம் இன்னும் அடங்கவில்லை.

கல்யாண மண்டபம் வைத்திருக்கும் ரகுநாதன் வந்தார். அவருடைய கறுப்பு அம்பாசடர்தான் இந்தப் பக்கத்து மாப்பிள்ளைகளுக்கெல்லாம் ஊர்வல வண்டி. வெள்ளிக்கிழமை துடைத்து அனுப்பினேன். நேற்றுப் பூக்கட்டுகிறவர்கள் வருவதற்கு முன்பே பானெட்டில் கீறலைப் பார்த்தாராம். சாய்ந்து பார்த்தேன். ஐந்தாறு கோடுகள், தலைமுடி கனத்தில். கறுப்பு வண்டியில் எதையும் மறைக்க முடியாது.

“பொம்பளைய வச்சி தொடைச்சா இப்டிதான் ஆவும் பாய்” என்றார். என்னைப் பார்த்துக்கூடச் சொல்லவில்லை.

“நாகம்மா, ஒரு வார்த்த மன்னிச்சிக்கங்கன்னு சொல்லிடும்மா. முடிஞ்சி போவட்டும்” என்றார் பாய்.

எதற்குச் சொல்லவேண்டும்? என் துணியில் மண் இல்லை, என் கையில் வளையல்கூடக் கிடையாது, வேலைக்கு வரும்போது கழற்றி வைத்துவிட்டுத்தான் வருகிறேன். சொல்லமாட்டேன் என்றேன். வாய் அதோடு நின்றிருக்கலாம். “குழாய் முனை பித்தளை. அண்ணன் இழுக்கறப்ப பட்டிருக்கும், அவரக் கேளுங்க” என்றும் சொல்லிவிட்டேன்.

மதுரைவீரன் அண்ணன் குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

ஜனவரி 24, திங்கள்

அண்ணன் வரவில்லை. பாய் நிறுத்திவிட்டாராம். தண்ணீரும் நானே அடித்தேன்.

ஜனவரி 26, புதன்

குடியரசு தினம், எல்லோருக்கும் லீவு, எங்களுக்குத்தான் வேலை.

மத்தியானம் ஒரு மாருதி. பானெட்டின் நடுப்பகுதிக்குக் கை எட்டுவதற்காக எக்கி, குனிந்து துடைத்தேன். சின்னதாக ஒரு சத்தம். கண்ணாடியில் நகம் உரசுகிற மாதிரி. கையை நிறுத்தினேன், சத்தமும் நின்றது. மறுபடி எக்கினேன், மறுபடி கேட்டது. கீழே பார்த்தேன்.

என் தாலிக்கயிறு. ரவிக்கைக்கு வெளியே வந்து பானெட்டின்மேல் கிடந்தது. அதில் மூன்று ஊக்கு. புடவைக்கு ஒன்று, அவசரத்துக்கு ஒன்று, மூன்றாவது எதற்கென்று எனக்கே தெரியாது. எல்லாப் பொம்பளைகளும் மாட்டிவைக்கிற மாதிரி நானும் மாட்டிவைத்தேன். எட்டு மாதமாகத் துணியை உதறி உதறிப் பார்த்தேனே, கழுத்தைப் பார்த்தேனா?

அப்படியானால் ரகுநாதன் வண்டி?

நான்தான். சந்தேகமே இல்லை. பழியைத் தூக்கி அண்ணன் தலையில் போட்டுவிட்டு மூன்று நாளாக நிமிர்ந்து நடந்திருக்கிறேன். அவருக்கு மூன்று பெண் பிள்ளைகள். வெட்கமாக இருக்கிறது.

ஜனவரி 27, வியாழன்

பாயிடம் சொன்னேன். முதலில் சிரித்தார், பிறகு கதவைச் சாத்தினார்.

“யாருக்கும் தெரியாதில்ல? வுடும்மா. மதுரவீரன் வேற எங்கனா பூந்துக்குவான். உன்ன மாதிரி தொடைக்கிற கை எனக்குக் கெடைக்காது.”

அண்ணனைக் கூப்பிடாவிட்டால் நானும் வரமாட்டேன் என்றேன். ரகுநாதனிடமும் நானே போய்ச் சொல்லப் போகிறேன் என்றேன். பாய் தலையில் கை வைத்துக்கொண்டார்.

கயிற்றைக் கழற்றிவிட்டுத் துடைத்தால் சரியாகிவிடும் என்றேன். அவர் முகமே மாறிவிட்டது. “அது உன் இஷ்டம். ஆனா நான் கழட்டச் சொன்னேன்னு மட்டும் ஆயிடக் கூடாதும்மா. ஊர் என்னைத்தான் கேக்கும்.” அவர் பயம் அவருக்கு. அதில் தப்பில்லை.

ஜனவரி 28, வெள்ளி

மண்டபத்துக்கே போனேன். ரகுநாதன் பந்தி நாற்காலிகளை எண்ணிக்கொண்டிருந்தார். நான்தான் கீறினேன், அண்ணன் மேல் தப்பில்லை, என்னை மன்னியுங்கள் என்றேன். அன்றைக்குச் சொல்ல மறுத்த வார்த்தையை இன்று யாரும் கேட்காமலே சொன்னேன்.

“ஒத்துக்கினியே, அதுவரைக்கும் சரி. இனிமே பொம்பள கை என் வண்டி மேல பட வேணாம்” என்றார்.

“கீறினது கை இல்லீங்க, கயித்துல கீற ஊக்கு. கைமேல குத்தம் சொல்லாதீங்க. ஞாயித்துக்கெழம வண்டிய அனுப்புங்க, எதிர்லயே நின்னு பாருங்க.”

மன்னிப்புக் கேட்க வந்தவள் இப்படிப் பேசுவாள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. நானும்தான்.

ஜனவரி 30, ஞாயிறு

அண்ணன் வீட்டுக்கு நேற்றே போய்க் கூப்பிட்டேன். “இன்னாமே, உன் வாய் சும்மாவே இருக்காதா?” என்றார். அவ்வளவுதான். காலையில் எனக்கு முன்னால் வந்து குழாயைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

ரகுநாதன் நிஜமாகவே எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். தாலியைக் கழற்றிச் சாப்பாட்டு டப்பாவுக்குள் வைத்தேன். கழுத்து லேசாகிவிட்டது. அந்த லேசு பிடித்திருந்தது என்று எழுதினால் பாவமா? எழுதிவிட்டேன்.

அண்ணன் மண் போகத் தண்ணீர் அடித்ததும், பாலிஷ் போட்டுக் கோடுகளைத் தேய்த்தேன். ஒன்றைத் தவிர எல்லாம் போய்விட்டன. பிறகு மறுபடி கழுவி, நல்ல தண்ணீர் ஊற்றி, நிழலில் துடைத்தேன். அவர் எழுந்து வண்டியைச் சுற்றி வந்தார், குனிந்து பார்த்தார், உட்கார்ந்து பார்த்தார். ஒரு புள்ளி கிடைத்திருந்தால் விட்டிருக்கமாட்டார். “வெள்ளிக்கெழம முகூர்த்தம். வியாழக்கெழம அனுப்புறேன்” என்று பாயிடம் சொல்லிவிட்டுப் போனார். இந்தத் தடவையும் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.

ஜனவரி 31, திங்கள்

யாரோ சொல்லிவிட்டார்கள். வீட்டுக்குள் நுழையும்போதே மாமியார் தலைவிரி கோலமாக உட்கார்ந்திருந்தார்.

“என் புள்ள கல்லு மாதிரி உசுரோட கீறான். அதுக்குள்ள கழுத்த காலியா வச்சிகினு நடுரோட்ல நின்னியாடி?”

நான் சமைத்ததைத் தொடவில்லை. வேம்புலியம்மாள் என்று அம்மன் பெயரை வைத்துக்கொண்டு எனக்குச் சாபம் விடுகிறார்.

என் வீட்டுக்காரர் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் வேலை முடிந்து வந்து, இரண்டு பக்கமும் கேட்டுவிட்டு, “கயித்த கழட்டற வேல நமக்கு இன்னாத்துக்கு நாகு? நின்னுடு” என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். களைப்பாகச் சொன்னார்.

நிற்கமாட்டேன்.

பிப்ரவரி 2, புதன்

அவருக்காக எல்லாம் செய்து பார்த்துவிட்டேன். ஊக்கை எடுத்துவிட்டுக் கயிற்றை ரவிக்கைக்குள் சொருகினேன், மூன்றாவது குனிதலில் வெளியே வந்துவிட்டது. ஊக்கு இல்லாவிட்டாலும் தங்கம் தங்கம்தானே, அதுவும் உரசும். துணி சுற்றிக் கட்டினேன், துணி நனைந்து கயிறு ஊறிப்போனது. சித்தாள் மாதிரி மேலே சட்டை போட்டேன், சட்டையில் பொத்தான். நாளைக்குக் கறுப்பு வண்டி வருகிறது. இன்னும் என்ன செய்யச் சொல்கிறார்கள்?

பிப்ரவரி 3, வியாழன்

விடிந்ததும் அவர் முதல் ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். நான் வழியில் நின்றேன்.

“எங்கப்பா போட்ட மோதரம் எங்க?”

“லாக்கர்ல. லேத்துல மோதரத்தோட நின்னா வெரல் பூடும். தெரியாதா உனுக்கு?”

“தெரியும். பன்னெண்டு வருசமா எட்டு மணி நேரம் கழட்டி வெக்கிற. எங்கப்பா உசுரோடதான் கீறாரு. என்னிக்காச்சும் சண்டைக்கு வந்தாரா?”

“அது மோதரம் நாகு. இது தாலி.”

“கட்டுனது யாரு? நீதான? அப்ப நீயே வச்சிக்க. சாயங்காலம் குடு.”

கழற்றி அவர் சட்டைப் பையில் போட்டேன். அத்தை உள்ளேயிருந்து கத்தினார். அவர் பையைத் தொட்டுப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. போய்விட்டார்.

கறுப்பு வண்டி நன்றாக வந்தது. ஆனால் நாள் முழுக்கக் கை வெறும் கழுத்துக்கே போய்க்கொண்டிருந்தது. சாயங்காலம் அவர் தாலியை எடுத்து மாடத்தில் வைத்தார். நான் எடுத்துப் போட்டுக்கொண்டேன்.

பிப்ரவரி 9, புதன்

இன்று நான் கேட்பதற்கு முன்னால் அவரே கையை நீட்டினார். “குடு, பஸ்ஸு பூடும்.”

பிப்ரவரி 17, வியாழன்

பதினோரு வண்டி. மூன்றுதான் முகூர்த்த வண்டி. அத்தை இன்னும் என்னோடு பேசவில்லை, சோறு மட்டும் சாப்பிடுகிறார்.

அவர் வந்ததும் ஒரு சேதி சொன்னார். டீ குடிக்கக் குனிந்தபோது தாலி பையிலிருந்து கீழே விழுந்துவிட்டதாம். பக்கத்து லேத்தில் நிற்கிற சம்பத் எடுத்துக் கொடுத்து, “இன்னா மாமே, ஊட்ல எதுனா ஆயிடுச்சா?” என்று பயந்துபோய்க் கேட்டாராம்.

“நீ என்ன சொன்ன?” என்றேன்.

“ஒண்ணும் ஆவல, என் பொண்டாட்டி வேலைக்கிப் போயிகீறான்னு சொன்னேன்.”

சொல்லிவிட்டுக் கைகால் கழுவப் போய்விட்டார். கயிற்றில் மெஷின் ஆயில் வாசனை அடித்தது. கழுவாமல் அப்படியே போட்டுக்கொண்டேன்.